நைட்ரோ லேக்கர்னு சொல்லி 14,500 ரூபாய் வாங்கிட்டாங்க. கிட்டாருக்கு பளபள (கிளாஸ்) ஃபினிஷ் கொடுக்கிறவங்க படிங்க

இன்னைக்குக் காலையில கிட்டாரோட பிரிட்ஜ், அதாவது ஸ்ட்ரிங்கைப் பிடிச்சிருக்கிற, முன்பலகையில ஒட்டின மரக்கட்டை, பெயர்ந்து விழுந்துச்சு. ஸ்ட்ரிங் கட்டி ஆறே நாள்.

சென்னையில வாத்தியம் ரிப்பேர் பண்ற ஒரு பட்டறை. ஸ்ப்ரூஸ் மர டாப் (முன்பலகை), மஹாகனி மர பேக் உள்ள அக்கூஸ்டிக் கிட்டார். பழைய பூச்சை எடுத்துட்டு நைட்ரோவுல (நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், மெல்லிசா ஸ்ப்ரே பண்ற பூச்சு) பளபளப்பா வேணும்னு கேட்டேன். ஒரு மாதிரிப் பலகையை நீட்டி, "டியூப்லைட் கோடு வளையாமத் தெரியுது பாருங்க சார், நைட்ரோதான், பத்து கோட் பூச்சு"ன்னாங்க. நிஜமாவே கோடு வளையல. அதைப் பார்த்துத்தான் 14,500 ரூபாயையும் அங்கேயே அனுப்பினேன்.

ஒன்பதாவது நாளே ரெடின்னு போன் வந்துச்சு. அப்பவே பிடிச்சிருக்கணும். நைட்ரோ ஒரு நாளைக்கு மூணு கோட்டுக்கு மேல அடிக்கக்கூடாது, கடைசி கோட்டுக்கு அப்புறம் மூணு நாலு வாரம் காயணும். அதுக்குப் பிறகுதான் தண்ணி தொட்டு 800, 1000, 1500, 2000 உப்புத்தாள், கடைசியா பாலிஷ் காம்பவுண்ட்.

விழுந்த பிரிட்ஜைத் திருப்பினா அடியில ஒரு மரநார் கூட இல்ல. பளபளன்னு பூச்சுதான் உரிஞ்சு ஒட்டியிருக்கு, கிட்டத்தட்ட நகக் கனம். பிரிட்ஜ் உட்காருற இடத்துல டேப் ஒட்டி மறைச்சுட்டுத்தான் ஸ்ப்ரே பண்ணணும். பசை வெறும் மரத்தைத்தான் பிடிக்கும். லைட் செட்னு சொல்ற மெல்லிசான ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்தே எழுபது கிலோவுக்கு மேல இழுக்குது, பூச்சு மேல ஒட்டினது எப்படி நிக்கும்?

அந்தப் பூச்சுல அசிட்டோன் நனைச்ச பட்ஸை வச்சேன். நைட்ரோன்னா பிசுபிசுன்னு இளகணும். அசையவே இல்ல, நைட்ரோ கிடையாது, அநேகமா 2கே பியூ (ரெண்டு பாகம் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன்). பியூ கெட்டதுன்னு சொல்லல, ஆனா காசு கொடுத்தது நைட்ரோவுக்கு. டாப்ல மொத்தப் பூச்சும் 0.15 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். இந்தக் கனத்துல சத்தமே அமுங்கிப்போச்சு.

பட்டறையில கேட்டா, முதல்ல "ஸ்ட்ரிங்கை டைட்டா கட்டிட்டீங்க". அடுத்து "மழைக்கால ஈரம் சார்". ஈரத்துல அடிச்சா நைட்ரோ பால் மாதிரி வெளுக்கும், ஆறு நாள்ல பிரிட்ஜ் கழராது! அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". இப்ப போனே எடுக்கல. 14,500 ரூபாய்ங்க.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், இப்ப முடியல. இது மட்டும்: ஒரு மாசத்துக்குள்ள நைட்ரோ முடிச்சுத் தர்றேன்னா நம்பாதீங்க. லேக்கர் டப்பாவைக் கண்ணால பாருங்க. பிரிட்ஜ் இடத்துல டேப் ஒட்டின போட்டோவை ஸ்ப்ரேக்கு முன்னாடியே கேளுங்க. பாதிப் பணத்துக்கு மேல கொடுக்காதீங்க. சவுண்ட்ஹோலை (டாப்ல இருக்கிற வட்ட ஓட்டை) அடைச்சுட்டு அடிக்கச் சொல்லுங்க. இங்க உள்ளே பிரேசிங் (டாப்பைத் தாங்குற மரச்சட்டங்கள்) வரைக்கும் தெறிச்சிருக்கு, டார்ச் அடிச்சு இப்பத்தான் பார்க்கிறேன்.