ஏழாவது மாடியில் ஒரு மூன்று சக்கர சைக்கிள்: மூன்று வருட அனுபவம்

சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஓட்டுவது எப்படி இருக்கிறது என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். அதை வீட்டில் எங்கே வைப்பது, வீட்டிலிருந்து ரோட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? இதை வாங்குமுன் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

காதுக்குள் வந்த கோளாறில் தலைசுற்றல் ஆரம்பித்தது, சாதாரண சைக்கிளில் இரண்டு முறை விழுந்தேன். அதனால்தான் இந்த வண்டி. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. அகலம் 76 சென்டிமீட்டர், நீளம் 195, எடை 17 கிலோ. இருக்கை தரையிலிருந்து ஓரடிக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் பினாங்கு பேச்சாவுக்கும் (சைக்கிள் ரிக்‌ஷா) முன்னால்தான் இரண்டு சக்கரம். ஆள் முன்னால் உட்கார, மிதிப்பவர் பின்னால் இருப்பார். பக்கத்து வீட்டுப் பையன் முதல் நாளே கேட்டான்: "தாத்தா, ஆள் உட்கார்ற இடத்துல நீங்களே உட்கார்ந்துட்டா யாரு மிதிக்கிறது?"

வீடு ஜெலுத்தோங்கில், அடுக்குமாடியின் ஏழாவது மாடி. முதல் இரண்டு மாதம் கீழே கார் நிறுத்தும் இடத்தில் பூட்டி வைத்தேன். வலை இருக்கை பூனைகளுக்குத் தொட்டில் ஆகிவிட்டது. குட்டி போடாத குறைதான். பிறகு வீட்டு வாசலில், நடைபாதையில் வைத்தேன். நான்காம் நாள் நிர்வாகத்திடமிருந்து கடிதம். கோபம் வந்தது உண்மை. ஆனால் தீப்பிடித்தால் புகையில் தடவிக்கொண்டு ஓடுகிறவர் கால் என் பெடலில்தான் மாட்டும். பொது வழியை அடைக்கக் கூடாது என்ற விதியில் தப்பே இல்லை. அப்புறம் பால்கனி. கடலிலிருந்து வீட்டுக்கு நடக்கும் தூரம்தான். செப்டம்பர், அக்டோபர் மழை நேராகப் பெய்யாமல் பக்கவாட்டில் அடித்தது. செயின் இரண்டே வாரத்தில் செந்நிறமாகிவிட்டது. இந்த வண்டிக்குச் செயின் மிக நீளம், சாதாரணச் செயின் கிட்டத்தட்ட மூன்றை இணைத்தால்தான் எட்டும். ஒரு முறை துருப்பிடித்தால் மூன்று செயின் காசு.

கடைசியில் கூடத்துக்கே கொண்டுவந்தேன். படுக்கை வாட்டில் கிடந்தால் சோபா அளவு இடம் போகிறது. தீர்வு, அதை வால் ஊன்றி நிறுத்துவது. பின்சக்கரத்தைத் தரையில் ஊன்றி, பெடல் இருக்கும் முன்குழாயைப் பிடித்து மேலே தூக்கினால் வண்டி செங்குத்தாக நிற்கும். தரையில் 76-க்கு 70 சென்டிமீட்டர் இடம் போதும், பழைய செருப்பு அலமாரி இருந்த மூலையே போதுமானதாக இருந்தது. ஆனால் சக்கரம் மட்டும் ஊன்றினால் உருண்டுவிடும். கைப்பிடியில் இருக்கும் நிறுத்தும் பிரேக் முன்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கிறது, அவை அப்போது அந்தரத்தில் இருக்கும். அதனால் பின்பக்கக் கேரியரின் விளிம்பும் தரையில் பட வேண்டும். என் கேரியர் நுனியில் சிவப்பு விளக்கு இருந்தது. முதல் நாளே நொறுங்கியது. விளக்கை இருக்கையின் பின்னால் மாற்றிவிட்டு, மருந்துக்கடையில் விற்கும் ஊன்றுகோல் ரப்பர் இரண்டை வாங்கி அந்த நுனிகளில் மாட்டினேன். டைல்ஸ் கீறவில்லை, வழுக்கவும் இல்லை. இந்த மூன்று வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்பேன். முன்குழாயை ஒரு பட்டையால் சுவரில் அடித்த கொக்கியோடு கட்டியிருக்கிறேன். பேரப்பிள்ளைகள் வரும் வீடு.

முதல் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த என் மனைவி இருட்டில் ஆள் நிற்பதாக நினைத்துப் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அதிலிருந்து அதற்குப் பழைய சேலை ஒன்று போர்வை.

நிமிர்த்தி வைத்தால் செயின் எண்ணெய், செயின் ஓடும் உறைக்குழாய் வழியாக இறங்கிச் சொட்டும். அடியில் ஓர் அட்டை போதும். எண்ணெய் போட்ட அன்று மட்டும் செய்தித்தாளும் சேர்த்து. என் பிரேக் கம்பி வகை, அதனால் கவலையில்லை. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் உள்ள நண்பர் ஒருவர் இப்படியே வைத்தார். உள்ளே ஏற்கெனவே கொஞ்சம் காற்று இருந்திருக்கிறது, அது இடம் மாறி பிரேக் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அந்த வகை வாங்குபவர்கள் முதலில் காற்றை எடுத்துவிடுங்கள்.

மின்தூக்கிதான் பெரிய பரீட்சை. கதவு 80 சென்டிமீட்டர், உள்ளே ஆழம் 140. படுக்கை வாட்டில் போகவே போகாது. ஆரம்பத்தில் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் சக்கரப் பலகையில் நிறுத்தித் தள்ளினேன். வீட்டுக்குள் அருமை, எந்தப் பக்கமும் நகரும். மின்தூக்கி வாசல் இடுக்கில் அந்தக் குட்டிச் சக்கரம் மாட்டி வண்டி சாய்ந்தது. முன்பல்சக்கரம் உள்சுவரில் ஒரு முழக் கோடு போட்டது. பாலிஷ் செலவு என் தலையில். இப்போது பலகை வீட்டோடு சரி. வாசலுக்கு வெளியே, பயணப் பெட்டியை இழுப்பதுபோல வண்டியை என் பக்கம் சாய்த்து, அதன் பின்சக்கரத்திலேயே உருட்டி, நான் பின்னோக்கி நடந்து உள்ளே போகிறேன். இரண்டு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர்தான் மிச்சம். காலை ஆறரைக்குப் போனால் ஆள் இருக்காது. ஏழு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையோடு நிற்பார்கள், அப்போது நான்தான் காத்திருக்க வேண்டும்.

நடைபாதையில் வண்டியைத் திருப்ப நினைத்து ஏறி உட்காராதீர்கள். வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தால் முன்சக்கரங்களை அச்சாக வைத்து அப்படியே சுற்றிவிடும். தூக்கும்போது கைப்பிடிகளை ஒரு ரப்பர் கயிற்றால் இருக்கையோடு கட்டுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். படுக்கையறைக் கதவு 72 சென்டிமீட்டர்; தீபாவளிக்கு விருந்தாளிகள் வந்தபோது பக்கவாட்டில் சாய்த்து, ஒரு முன்சக்கரத்தை முதலில் நுழைத்து, உடம்பைத் திருப்பி, அடுத்ததை நுழைத்தோம். இருவர் வேண்டும். மனைவி உதவினாள், "என்னங்க, இது மாப்பிள்ளையை அழைச்ச மாதிரி இருக்கு" என்று முனகிக்கொண்டே.

மடிக்கும் வகை வாங்கியிருக்கலாமே என்று கேட்கிறார்கள். மடித்தால் நீளம்தான் குறையும்; பெரும்பாலானவற்றில் அகலம் அப்படியே இருக்கும், மடித்த மூட்டையைத் தூக்கவும் வேண்டும். என் முதுகுக்கு உருட்டுவதே மேல். கார் டிக்கியில் வைப்பவர்களுக்கு அது வேறு கணக்கு.

வாரத்துக்கு மூன்று நாள் கடலோரக் கர்பால் சிங் டிரைவ் வரை, சில நாள் லிம் சோங் இயூ விரைவுச்சாலை ஓரப் பாதையில் பினாங்குப் பாலம் பக்கம் வரை போகிறேன். திரும்பியதும் உப்புக் காற்றுக்காக ஈரத்துணியால் துடைத்து, டயரையும் துடைத்த பிறகுதான் அதன் மூலைக்கு அனுமதி. துடைக்கும்வரை வண்டி நிறுத்தும் பிரேக்கோடு கூடத்தில் படுத்த வாட்டில் நிற்கும். அந்த இருபது நிமிடமும் மனைவி அதில் சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்வாள். சோபாவைவிட முதுகுக்கு நன்றாக இருக்கிறதாம். போன வாரம் மெதுவாகக் கேட்டாள்: "இதை நிமிர்த்தித்தான் வைக்கணுமா?"