343ஆ, 442ஆ, 750ஆ: பாரம் இழுக்கும் ஹைலக்ஸுக்கு எந்த ஓட்டோ கியர் பொக்ஸ்?

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப்புக்கு 1கேஇசட் டர்போ டீசல் எஞ்சினைப் போட்டு, இன்டர்கூலர் வைத்து, பூஸ்டை (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை) கொஞ்சம் கூட்டி, 33 இஞ்சி ரயரும் மாட்டிவிட்டால் வண்டி பார்க்க நல்லாத்தான் இருக்கும். அடி வாங்குவது நடுவில் இருக்கிற ஓட்டோ கியர் பொக்ஸ். என்னுடையது மூன்றாம் கியருக்கு மாறும்போது எஞ்சின் இரைச்சல் ஏறும், வண்டி ஏறாது. பின்னால் நெல் மூட்டை இருந்தால் இன்னும் மோசம். பலமான பெட்டி ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்கியது அதனால்தான்.

“மனுவலைப் போடு, கரைச்சல் முடிஞ்சுது” என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஹைலக்ஸின் மனுவல் பெட்டி நல்ல பெட்டி, உதிரிப்பாகமும் கிடைக்கும். ஆனால் மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், சேற்றில் ஊர்ந்து போகும்போது கிளச்சை மிதித்து மிதித்து விடுவதைவிட ஓட்டோவில் கிளச்சுக்குப் பதிலாக ஒயில் வழியே வலுவைக் கடத்தும் டோர்க் கன்வேட்டரின் மெதுவான இழுப்பு எனக்குப் பிடிக்கும். ஓட்டோதான் என்று முடிவெடுத்தவர்களுக்கே மீதிக் கதை.

தெரிவுகள் மூன்று. பிராடோ, சேர்ஃப் வண்டிகளில் இதே எஞ்சினோடு வந்த ஏ343எஃப், நாலு கியர். 80 லேண்ட் குரூசரில் வந்த ஏ442எஃப், அதுவும் நாலு கியர். பிறகு 120 பிராடோவில் வந்த ஏ750எஃப், அஞ்சு கியர். பேர் நீளம் என்பதால் கராஜில் 343, 442, 750 என்றே சொல்வோம்.

பலம் மட்டும்தான் கணக்கு என்றால் 442தான். 4.2 லீற்றர் டர்போ டீசலுக்குப் பின்னால் நின்று பாரம் இழுத்த பெட்டி அது. மச்சான் ஒருவரின் 80இல் ஓட்டிப் பார்த்ததோடு என் அனுபவம் முடிந்தது, ஆனாலும் ஏற்றத்தில் அது அலட்டிக்கொள்ளாமல் இழுத்ததை மறக்கவில்லை. சிக்கல் என்னவென்றால், அதன் பெல் ஹவுசிங், அதாவது எஞ்சினோடு பூட்டும் முன்பக்கக் கூடு, கேஇசட் எஞ்சினுக்குப் பொருந்தாது. அடப்டர் தட்டு செய்ய வேண்டும், ஷாஃப்ட் வெட்ட வேண்டும், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்த வேண்டும், கடைசியில் பாரமும் கூடும். லேண்ட் குரூசர் எஞ்சினே வைத்திருப்பவர் வேறொன்றையும் யோசிக்கத் தேவையில்லை. கேஇசட்காரருக்கு இது வீண் வேலை என்பது என் எண்ணம்.

ஓட்ட அருமையானது 750. முதல் கியர் விகிதம் 3.520. 343இல் அது 2.804. எண் கூடினால் இழுவை கூடும். 31இலிருந்து 33 இஞ்சி ரயருக்குப் போனாலே எல்லாக் கியரும் ஆறு வீதம் உயர்ந்த மாதிரி ஆகி, இழுவை குறைந்துவிடும். அந்த இழப்பை 750 முதல் கியரிலேயே ஈடுகட்டிவிடும். பதுளை வீதியில் பிபிலை தாண்டி லுணுகலைக்கு ஏறும்போது அந்தக் கூடுதல் கியரின் அருமை தெரியும். ஆனால் அது முழுக்க முழுக்கக் கணினிப் பெட்டி. கேஇசட்டின் பழைய கணினி அதோடு பேசாது, தனிக் கொன்ட்ரோலர் வாங்க வேண்டும். அது பழுதானால் இங்கே யார் பார்ப்பது? கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை முடிவெடுக்க வைத்தது ஒயில்.

ஓட்டோ பெட்டியைக் கொல்வது பெரும்பாலும் சூடு. கன்வேட்டர் லொக் ஆகாமல், அதாவது எஞ்சினோடு நேரடியாகப் பூட்டிக்கொள்ளாமல், மெதுவாக இழுக்கும் நேரமெல்லாம் அதற்குள் ஒயில் கடைபட்டுச் சூடேறுகிறது. சேறு, பாரம், பெரிய ரயர், நம் ஊர் வெயில் நாலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 80, 90 பாகையில் நிற்க வேண்டிய ஒயில் 120ஐத் தாண்டினால் வேகமாகக் கெடும், பெட்டிக்குள் கியரைப் பிடிக்கும் கிளச் தட்டுகள் கருகும். ஆகவே ஒயிலை அடிக்கடி பார்க்கவும் மாற்றவும் வசதியான பெட்டிதான் இங்கே நீண்ட நாள் ஓடும்.

343இல் ஒயில் அளவு பார்க்கும் குச்சி இருக்கிறது. வண்டி சூடாக, எஞ்சின் ஓட, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் பி-க்கு (பார்க்கிங்) திருப்பி, குச்சியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்தால் போதும். நல்ல ஒயில் சிவப்பாக, தெளிவாக ஊறும். கெட்டது பழுப்பாகி, நடுவில் கரும்புள்ளியோடு, தீய்ந்த வாடை அடிக்கும். ஊற்றுவது டெக்ஸ்ரன் 3, கல்முனையிலும் காத்தான்குடியிலும் கேட்டவுடன் கிடைக்கும். 750க்குக் குச்சி கிடையாது. வண்டியைத் தூக்கி, ஒயில் குறித்த சூட்டுக்கு வரும்போது அடியில் உள்ள மூடியைக் கழற்றி, வழிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு டொயோட்டாவின் டபிள்யூஎஸ் ஒயில்தான், டெக்ஸ்ரனைக் கலக்கக் கூடாது. நகரத்துச் சேர்விஸ் நிலையத்துக்கு இது சின்ன விஷயம். வெல்லாவெளியில் அறுவடை நடுவில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

அதனால் 343ஐத் தெரிவுசெய்தேன். தட்டுகளையும் சீல்களையும் புதிதாகப் போட்டு, ஒயிலைப் பிரித்தனுப்பிக் கியரை மாற்றும் வால்வ் பொடியில் (valve body) அழுத்தம் கூட்டும் கிட் ஒன்றும் சேர்த்தாயிற்று. கியர் சட்டென்று மாறுவதால் தட்டு வழுக்கும் நேரம் குறைவு. வெறும் வண்டியில் மாறும்போது சின்ன உதறல் இருக்கும், பழகிவிடும். 442 அளவு பலம் இதற்கு வராது. அளவாகப் பூஸ்ட் ஏற்றிய கேஇசட்டுக்குப் போதும் என்று நினைக்கிறேன். இரண்டு மடங்கு வலு எடுக்கப் போகிறவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் எங்கள் கராஜ் பாஸ் சொன்னது: “தம்பி, மொதல்ல கேபிளப் பாருங்க, மறுகா பெட்டியக் கழட்டுவம்.” அக்சிலேற்றரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிள்தான் உள்ளே ஒயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. ஒருவர் அக்சிலேற்றரை முழுதாக மிதித்துப் பிடிக்க, உள்கம்பியில் நசுக்கிப் பொருத்திய ஸ்டொப்பருக்கும் ரப்பர் உறையின் முனைக்கும் இடையில் 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. தளர்ந்திருந்தால் அழுத்தம் குறையும், நல்ல பெட்டியும் வழுக்கும். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எந்தப் பெட்டி போட்டாலும் தனி ஒயில் கூலர் வையுங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கிற சின்னக் கூலர் துருப்பிடித்து ஓட்டையானால் கூலன்ட்டும் ஒயிலும் கலந்து ரோஸ் நிறப் பாலாக வரும், தட்டுகளில் ஒட்டியிருக்கும் பட்டை உரியத் தொடங்கும். உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றுகிற நம் கரையோரத்தில் இதற்குக் கூடுதல் பயம். நான் ரேடியேட்டர் வழியை அடைத்து, முன்னால் விசிறியோடு வெளிக்கூலர் மட்டும் வைத்திருக்கிறேன். குளிர் நாட்டில் இப்படிச் செய்யச் சொல்ல மாட்டார்கள், இங்கே கவலையில்லை. பெட்டியின் மூச்சுக்குழாயையும் தண்ணீர் புகாதபடி எஞ்சின் அறைக்கு மேலே இழுத்துவிடுங்கள், மார்கழி வெள்ளத்தில் வீதி மூழ்கும் ஊர் இது.

விற்கும்போது என்ன விலை போகும் என்று கேட்டால், மாற்றிய ஓட்டோ என்றதுமே வாங்க வருபவர் முகம் சுருங்கும், மூன்றுக்கும் அது பொது. குச்சியை இழுத்துச் சிவப்பு ஒயிலைக் காட்ட முடிந்தால் பேச்சு கொஞ்சம் இலகுவாகும். ரீகண்டிஷன் பெட்டி வாங்கப் போகிறவர்கள் “ஜப்பான்ல கொஞ்சம்தான் ஓடினது” என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே காந்தத்தில் மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் சரி. கையில் குத்தும் உலோகத் துகளோ கரும்பட்டைத் துண்டோ இருந்தால் காசைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.