காபியைக் குறைக்க எந்த வழி: நிறுத்துவதா, டீயா, டீகாஃபா, சிக்கரியா?

ராத்திரி தூக்கம் கெட ஆரம்பித்ததும் காபியைக் குறைத்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன். நான் எடுத்த வழி, பொடியில் சிக்கரியைக் கூட்டுவது. அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஒரேயடியாக நிறுத்துவதில் செலவில்லை, கணக்கும் வேண்டாம். ஆனால் தலைவலி வரும். தினமும் குடிப்பவர்களின் மூளை ரத்தக்குழாய்களைக் காஃபீன் சுருக்கியே வைத்திருக்கிறது. அது நின்றால் அவை விரியும். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை கனக்கத் தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது.

டீ? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதலின்படி 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன், இன்ஸ்டன்டில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300 தாண்டக்கூடாது. கணக்குப்படி டீ நல்லதுதான். ஆனால் பத்தரை மணிக்கு ஒன்று, பேச்சுத்துணைக்கு ஒன்று என்று டீயின் எண்ணிக்கை ஏறிவிடும்.

டீகாஃபில், அதாவது காஃபீன் நீக்கிய காபியில், எனக்கு அனுபவம் குறைவு. வாங்கிப் பார்த்தது இன்ஸ்டன்ட் மட்டும்தான். ஃபில்டரில் போடும் பொடி எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைப்பதுமில்லை.

சிக்கரி விஷயத்துக்கு வருவோம். அது வறுத்த வேர், அதில் காஃபீன் கிடையாது. கொட்டை அரைத்துத் தரும் கடையில் 80-20 (காபி 80, சிக்கரி 20) வாங்குகிறவர் அடுத்த முறை 70-30, அப்புறம் 60-40 என்று கேட்டால் போதும். அதே அளவு பொடி போட்டாலும் 80-லிருந்து 60-க்கு வரும்போது காஃபீனில் கால்பங்கு குறைந்துவிடும். படிப்படியாகக் குறைவதால் தலைவலிக்கும் அவ்வளவாக இடமில்லை. என்னை இந்தப் பக்கம் இழுத்தது இதுதான். டம்ளர், டவரா, நுரை, காலை நேரம் எதுவும் மாறவில்லை. சிக்கரி நிறமும் கசப்பும் கொடுப்பதால் நாக்குக்கும் பெரிய ஏமாற்றம் இல்லை.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சிக்கரி தண்ணீரில் ஊறி உப்பும், டிகாக்ஷன் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் ஃபில்டரில் பொடியை அழுத்தாமல் லேசாகப் பரப்பி, தட்டை மேலே சும்மா வைத்தால் போதும். அடுத்தது, என்ன கொட்டை என்று கடையில் கேளுங்கள். ரொபஸ்டாவில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன். பாதிக்குப் பாதி ரொபஸ்டா கலந்த பொடியை விட்டு முழுக்க அராபிகாவான பிளாண்டேஷன் ஏ ரகத்துக்கு மாறினாலே நல்ல வித்தியாசம் இருக்கும். பாக்கெட் பொடி என்றால் சிக்கரி எத்தனை சதவீதம் என்று மேலேயே போட்டிருக்கும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம்.

நான் 60-40-ஐத் தாண்டவில்லை. சிக்கரி கூடினால் சிலருக்கு வயிறு உப்புசமாக இருக்கும், அவர்கள் 70-30-லேயே நின்றுகொள்ளலாம். குடித்து ஐந்து மணி நேரமானாலும் பாதிக் காஃபீன் உடம்பில் இருக்கும் என்பதால் சாயங்காலக் காபியை மட்டும் அடியோடு விட்டுவிட்டேன். அந்த நேரத்துக்கு இப்போது சுக்குமல்லிக் காபி, பனங்கருப்பட்டி போட்டு. ஹோட்டலில் என்ன பொடி என்று நமக்குத் தெரியாது. அங்கே டிகாக்ஷன் குறைத்து, ‘லைட்’ என்று சொல்லி வாங்குகிறேன்.