கைக்குழந்தைக்கா, கேட்டு வருபவருக்கா? ஞானஸ்நானம் பற்றி ஒரு தாய்மாமனின் அலசல்

போன மாதம் தேவகோட்டையிலிருந்து தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, பாப்பாவுக்கு எட்டு மாசம் ஆச்சு. நம்ம கோயில்ல ஞானஸ்நானம் கொடுக்கணும்னு அம்மா நிக்கிது. இவுக வீட்ல, வளந்து தானாக் கேக்கட்டும், இப்பக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து ஜெபிக்கிற பிரதிஷ்டை பண்ணுனாப் போதும்ங்கிறாக. நீ தாய்மாமன், நீ சொல்லு."

எங்கள் வீடு கத்தோலிக்கம். அவள் வாழ்க்கைப்பட்டது பெந்தெகொஸ்தே குடும்பம். கல்யாணத்துக்கு அனுமதி வாங்கும்போதே, பிள்ளைகளுக்கு நம் சபையில் திருமுழுக்கு (ஞானஸ்நானத்துக்கு நாங்கள் சொல்லும் பெயர்) கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாக அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். மாப்பிள்ளையும் விசுவாசத்தில் அசையாதவர். அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்ல மனசில்லை. இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தேன், வேதத்தை எடுத்து வைத்து வாசித்தேன்.

எங்கள் முறையைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஞானத்தாய் கையில் குழந்தை. சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்க, பிள்ளைக்காகப் பெரியவர்கள் "விட்டுவிடுகிறோம்" என்கிறார்கள். தலையில் மூன்று முறை தண்ணீர், உச்சியில் கிறிஸ்மா என்ற மந்திரித்த தைலம், வெள்ளைத் துணி, பாஸ்கா திரி என்ற ஈஸ்டர் பெரிய திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டதும் வீரிட்டு அழும்.

மாப்பிள்ளை வீட்டுச் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நான ஆராதனைக்குப் போனேன். நம் பக்கத்தில் குடிநீர் ஊரணியில் யாரும் காலை நனைப்பதில்லை, கண்மாயோ பாதி வருஷம் வறண்டு கிடக்கும். அதனால் மேடைக்குக் கீழேயே சிமெண்டுத் தொட்டி கட்டியிருக்கிறார்கள், பலகையைத் தூக்கினால் தண்ணீர். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி வெள்ளை உடையில் இறங்கினாள். இயேசுவை யார் என்று ஏற்றுக்கொண்டாள் என்பதைத் தன் வாயால் சொன்னாள், குரல் நடுங்கியது. பாஸ்டர் ஒரு கையை அவள் முதுகில் வைத்து, மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, பின்புறமாகச் சாய்த்தார். தலை முழுவதும் உள்ளே போன அந்த ஒரு நொடி கூடத்தில் சத்தமே இல்லை. சடையில் தண்ணீர் ஒழுக அவள் எழுந்து நின்றபோது எனக்கும் கண் கலங்கிவிட்டது. கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்படுகிறோம், அவரோடு எழுகிறோம் என்று ரோமர் 6-ல் பவுல் எழுதியது கண்முன் நடந்தது. அடையாளம் என்று பார்த்தால் இந்த முறையே நிறைவானது. அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் உண்மையான வேறுபாடு தண்ணீரின் அளவில் இல்லை. முதலில் பேசுவது யார் என்பதில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுச் சபையார் பார்வையில் மனிதன் விசுவாசிக்கிறான், பிறகு அதை ஊரறியத் தண்ணீரில் அறிக்கையிடுகிறான். மாற்கு 16:16-லும் விசுவாசம் முன்னே, ஞானஸ்நானம் பின்னே. அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய மந்திரி கேட்டு, நம்பி, தானே தண்ணீரைக் காட்டி இறங்குகிறார். எங்கள் பார்வையில் கடவுள் முந்திக்கொள்கிறார். பிள்ளை கேட்டா பிறந்தது? கேட்டா தாய்ப்பால் கொடுத்தோம்? அதேபோல் பிறப்போடு வரும் ஜென்மப் பாவத்திலிருந்து விடுதலையும் கடவுளின் பிள்ளை என்ற உரிமையும் முதலில் வருகின்றன, பிள்ளையின் பதில் வளர்ந்தபின் வருகிறது. அப்போஸ்தலர் 16-ல் லீதியாளும் சிறைக்காவலனும் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றதை எங்கள் ஆட்கள் காட்டுவார்கள். அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததாக வசனத்தில் இல்லை. குழந்தைக்குக் கொடுக்காதே என்றும் வேதத்தில் எங்கும் இல்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளும் குழந்தைக்குக் கொடுத்து, வளர்ந்தபின் தன் வாயால் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் சடங்கு வைக்கின்றன.

தண்ணீரின் அளவுக்காகச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திதாக்கே என்ற மிகப் பழைய கிறிஸ்தவ நூல் ஓடும் தண்ணீரில் கொடுக்கச் சொல்கிறது. இல்லாவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. நாம் திருமுழுக்கு என்று பெயர் வைத்துவிட்டு நெற்றியை மட்டும் நனைக்கிறோம். அந்தச் சொல்லே நம்மைக் கேள்வி கேட்கிறது.

சபையாரின் வலுவான வாதம் எது என்றால், பெயருக்குக் கிறிஸ்தவர்களாக இருக்கும் நம் கூட்டம். குழந்தையில் தண்ணீர் ஊற்றி, கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்க மட்டும் கோயிலுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்! ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 200-ஆம் ஆண்டு வாக்கிலேயே, சிறுவர்களுக்கு அவசரப்பட வேண்டாம் என்று எழுதினார். புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா பக்தியுள்ள கிறிஸ்தவர். இருந்தும் மகன் திருமுழுக்குப் பெற்றது 387-ல், முப்பது வயதைத் தாண்டி. நம் பக்கத்து ஓரியூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மறவர் தலைவர் தடியத்தேவர் வளர்ந்த மனிதராக, அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ சாமியாரிடம் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவு. அதன் விளைவாக 1693 பிப்ரவரி 4-ல் அருளானந்தரின் தலை விழுந்தது. தானாக எடுக்கும் முடிவுக்கு எவ்வளவு கனம் என்று அவர் தலை விழுந்த ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் பூசுகிற நமக்குத் தெரியாதா?

அம்மாவின் பயம் வேறு: ஞானஸ்நானம் இல்லாமல் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணம் உண்டு என வத்திக்கானின் இறையியல் குழுவே 2007-ல் சொல்லிவிட்டது. ஆபத்து என்றால், தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம். பயத்துக்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

நான் ஒத்துக்கொள்ளவே முடியாதது, "இப்ப ஒண்ணு, பிறகு ஒண்ணு, ரெண்டும் பண்ணிக்கலாம்" என்ற சமரசம். ஒரே ஞானஸ்நானம் என்று எபேசியர் 4:5 சொல்கிறது. திரித்துவத்தின் பெயரால் தண்ணீரில் கொடுத்தது என்றால் பிற சபைகளின் ஞானஸ்நானத்தையும் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது, திரும்பக் கொடுப்பதில்லை. சபையாருக்கோ முதலாவது கணக்கிலேயே வராது. இதே எண்ணத்தில்தான் 1525-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்கள் சிலர் ஒருவருக்கொருவர் மறுபடி கொடுத்துக்கொண்டார்கள். 1527-ல் அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை நகர ஆட்சியாளர்கள் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். ஞானஸ்நானத்துக்காகத் தண்ணீரிலேயே கொல்வதா! படித்தபோது நெஞ்சு பதறியது. இந்த விஷயத்தில் குடும்பத்துக்குள் ஒரு கடுஞ்சொல்கூட வரக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

தங்கச்சியிடம் இப்படித்தான் சொன்னேன். பாப்பாவுக்கு இப்போதே கொடுங்கள். நீ கொடுத்த வாக்கு இருக்கிறது. தினமும் ஜெபம் நடக்கிற வீடு, அதனால் அந்தத் தண்ணீர் வீணாகாது. ஆனால் மாப்பிள்ளையிடம் ஒளிக்காமல் பேசு, வளர்ந்தபின் மறுபடி தொட்டியில் இறக்குவதில்லை என்பதையும் சேர்த்துப் பேசு. அவர் இன்னும் மனசு ஒப்பவில்லை என்றால் பொறு, பிள்ளை கடவுள் கையில்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை ஒரு வாரம் யோசித்தார். ஒன்றே ஒன்று கேட்டார்: "முழுக்கித்தான் கொடுக்கணும், அத்தான். ஒங்க சாமியார் ஒத்துக்குவாரா?" போய்க் கேட்டேன். முழுக்குவதும் ஊற்றுவதும் திருச்சபைச் சட்டத்தில் இரண்டுமே உண்டு என்றார் சாமியார். ஞானப்பெற்றோர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும், கூடவே மாப்பிள்ளையின் தம்பி சாட்சியாக நிற்கலாம் என்றும் சொன்னார்.

அம்மாவுக்குச் சீராக வந்த பித்தளை அண்டா பரணில் கிடந்தது. இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறோம். தாய்மாமன் சீரோடு அதையும் தேவகோட்டைக்கு ஏற்ற வேண்டும். தண்ணீரை மட்டும் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் சாமியார்.