ஆர்ட்லீப் பேக்-ரோலர் கிளாசிக்: மழைக்குத் தாங்கும், முங்கினால் தாங்காது

ஆற்றோரத் தாழ்நிலங்களிலும் சரணாலயப் பாதைகளிலும் சைக்கிளில் சுற்றுகிறவர்களின் கேரியரில் அடிக்கடி கண்ணில் படும், பின்சக்கரத்தின் பக்கவாட்டில் மாட்டும் பை இது. ஆர்ட்லீப் என்பது தயாரிக்கும் ஜெர்மன் நிறுவனம். வாட்டர்புரூஃப் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சொல்வது பொய்யில்லை, ஆனால் எந்த அளவுக்கு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பையின் தர அளவு ஐபி64. இதில் 6 என்றால் தூசி புகாது. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் பாதிப்பில்லை. தண்ணீரில் முங்கியும் தாங்க வேண்டுமென்றால் அந்த இரண்டாவது எண் குறைந்தது 7 ஆக இருக்க வேண்டும். 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்பது 7-க்கான சோதனை. ஆகவே கொட்டும் மழைக்கும் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கும் இந்தப் பையை நம்பலாம். வெள்ளம் ஏறிய பாதையில் இறங்கி நடப்பதற்கு நம்பக் கூடாது.

அடிப்படை விவரங்கள்: ஒரு பைக்கு 20 லிட்டர், ஜோடிக்கு 40. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1.9 கிலோ. துணி பிவிசி பூசிய பாலியெஸ்டர். தையலே கிடையாது, ஓரங்களைச் சூட்டில் ஒட்டியிருக்கிறார்கள். தைத்த பைகளில் தண்ணீர் கசியும் முதல் இடம் பெரும்பாலும் தையல் ஓட்டைதான் என்பதால் இது பெரிய விஷயம்.

வாயை மடித்துச் சுருட்டி மூடும் முறை. குறைந்தது 3 சுற்று, முடிந்தால் 4. பையைப் பிதுங்கப் பிதுங்க அடைத்தால் 2 சுற்றுக்கு மேல் வராது. அப்போது சுருளின் இரு முனைகளிலும் இடைவெளி விழுந்து மழைநீர் அதன் வழியே இறங்கும். ‘பை ஒழுகுகிறது’ என்ற புகாரை விசாரித்தால் பல நேரம் இதில்தான் போய் நிற்கும். 20 லிட்டரை 16, 17 என்று நினைத்து அடுக்குவது நல்லது. சந்தேகம் இருந்தால் காலிப் பையில் காற்றை அடைத்துச் சுருட்டி மூடுங்கள். சோப்பு நீர் தடவி அழுத்தினால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை கிளம்பும்.

இனி தண்ணீரைக் கடக்கும் விஷயம். 700சி என்ற அளவுள்ள சக்கரத்தில் 40 மி.மீ. டயர் என்றால் அச்சு தரையிலிருந்து 35 செ.மீ. உயரத்தில் இருக்கும். பெரும்பாலான கேரியர்களில் பையின் அடிப்பகுதி அந்த மட்டத்திலோ சற்று மேலேயோ தொங்கும். அதனால் தண்ணீர் அச்சைத் தொடும் என்று தோன்றினாலே பைகளைக் கழற்றிவிட வேண்டும். அச்சின் பேரிங்குக்கும் அதே கோடுதான் எல்லை. கிரீஸுக்குள் வண்டல் ஏறிவிட்டால் பிரித்துக் கழுவுவதைத் தவிர வழியில்லை.

நனைவதைவிட மோசமான ஆபத்து மிதப்பது. காற்றோடு மூடிய 20 லிட்டர் பை முழுக்க முங்கினால் தண்ணீர் அதை 20 கிலோ அளவுக்கு மேலே தள்ளும். பையும் பொருளும் சேர்ந்து 6 கிலோதான் என்றால் மீதி 14 கிலோ பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். இரண்டு பக்கமும் பை இருந்தால் கேட்கவே வேண்டாம். ஓட்டமுள்ள நீரில் பின்பக்கம் மிதந்து சைக்கிள் நீரோட்டத்தின் திசைக்குத் திரும்பிவிடும், பிடித்திருப்பவரையும் சாய்த்துவிடும். முதலில் வெறுங்கையோடு ஒரு கழியால் ஆழம் பார்த்து, பிறகு பைகளைத் தோளில் கொண்டுபோய் அக்கரையில் வைத்து, கடைசியாகச் சைக்கிளை எடுப்பதே சரியான வரிசை. கலங்கலில் அடி தெரியவில்லையென்றாலோ, ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் போனாலோ திரும்பிவிடுவதுதான் புத்தி.

பையைக் கேரியரில் மாட்டும் கொக்கி அமைப்பின் பெயர் க்யூஎல்2.1. கைப்பிடியைத் தூக்கினால் பூட்டு திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். 16 மி.மீ. வரை தடிமனுள்ள கேரியர் குழாயில் மாட்டலாம். மெல்லிய குழாய்க்கு உள்ளே செருகும் சிறு பிளாஸ்டிக் துண்டுகள் கூடவே வரும். இவற்றைப் பலரும் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். 10 மி.மீ. குழாயில் வெறும் கொக்கியை மாட்டினால் ஒவ்வொரு மேட்டிலும் கடகடவென்று சத்தம் வரும். பறவை பார்க்கப் போகிறவர் நாணல் பக்கம் வருவதற்குள் கொக்கும் நாரையும் எழுந்து போயிருக்கும். உரசலில் குழாயின் பெயின்டும் உரிந்துவிடும். காய்ந்த வண்டல் பூட்டின் நாக்குக்குள் இறுகினால் அது பாதியிலேயே நிற்கும், பார்வைக்கு மூடியதுபோலவே தெரியும். மாட்டிய பிறகு கைப்பிடியைத் தொடாமல் பையின் உடம்பைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அசைந்தால் பூட்டு விழவில்லை. எண்ணெய் போடாதீர்கள், மண்ணை இன்னும் பிடித்துக்கொள்ளும். வெறும் தண்ணீர் ஊற்றி நாக்கை நாலைந்து முறை இழுத்துவிட்டால் போதும்.

பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடித்தால் கொக்கிகளை நகர்த்திப் பையைப் பின்னுக்குத் தள்ளலாம். கீழே உள்ள பிடியையும் கேரியரின் கால் கம்பியில் சரியாக விழும்படி மாற்றியே தீர வேண்டும். அது பிடிக்காவிட்டால் குண்டும் குழியுமான கரைப்பாதையில் பை வெளிப்பக்கம் விசிறி அடிக்கும்.

ஒற்றையடிப் பாதைக்கு ஒரு பை போதும். இரண்டு மாட்டினால் முள்ளும் நாணலும் இருபக்கமும் இழுக்கும். எந்தப் பக்கம் மாட்டுவது? சேற்றில் இறங்கித் தள்ளும்போது பெரும்பாலானோர் சைக்கிளுக்கு இடப்பக்கம் நடப்பார்கள், இடப்பக்கப் பை கெண்டைக்காலில் இடித்துக்கொண்டே வரும். வலப்பக்கம் மாட்டினால் செயின் எண்ணெய் பையில் தெறிக்கும், ஆனால் துடைத்தால் போய்விடும். எங்கள் ஓட்டு வலப்பக்கத்துக்கு.

சைக்கிளை வாசலில் விட்டு நடக்க வேண்டிய காப்பகங்களுக்கு இது அவ்வளவாக உதவாது. தோள்பட்டி உண்டு, ஆனால் பை இடுப்பில் மோதும், கொக்கிகள் முதுகுப் பக்கம் குத்தும். அரை மணி நேரத்துக்கு மேல் நடை என்றால் மடித்து வைக்கக்கூடிய லேசான முதுகுப்பை ஒன்றை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். இதே பையின் சிட்டி வகையில் தோள்பட்டியும் கிடையாது.

நீர் உள்ளே போகாத பையிலிருந்து ஈரம் வெளியேயும் போகாது. நனைந்த சாக்ஸோடு பைனாகுலரையும் போட்டு மூடி வெயிலில் ஓட்டினால் லென்ஸில் ஆவி படியும். ஈரத் துணிக்குத் தனி உறை, பைனாகுலருக்குத் தனி உறை. நிற்கும் இடங்களில் பை வாயைத் திறந்துவையுங்கள்.

முள் குத்தினால் டியூப் பஞ்சருக்கான பசையோ ரப்பர் துண்டோ வேலைக்கு ஆகாது. பிவிசியில் நிற்காமல் உரிந்து வரும். பிவிசிக்கென்றே உள்ள பசையும் ஒட்டுத்துணியும் வேண்டும். வழியில் என்றால் உட்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்து டக்ட் டேப் ஒட்டி வீடு வந்து சேரலாம். கொக்கி, பட்டி எல்லாம் உதிரியாகக் கிடைக்கும்.

வழவழப்பான துணியில் விதைகள் ஒட்டுவது குறைவு. பிவிசி வேண்டாம் என்று நெய்த துணியாலான பிளஸ் வகையை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அதன் இழைகளில் விதையும் மண்ணும் தங்கும். ஒரு காப்பகத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் பையின் அடிப்பகுதி, கொக்கிகள் நகரும் பட்டையின் இடுக்கு, டயர் மூன்றையும் கழுவி முழுக்கக் காயவைக்க வேண்டும். அயல் தாவர விதைகளும் தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையும் ஈரச் சேற்றோடு இடம் மாறக்கூடியவை. கழுவ வாளித் தண்ணீரும் துணியும் போதும். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், அந்த வேகத்துக்கு ஐபி64 பதில் சொல்லாது.