மான்செஸ்டர் யுனைடெட்: ஃபெர்குசன் போன பிறகும் விடாமல் பார்ப்பவனின் அனுபவம்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் இங்கிலாந்து ஃபுட்பால் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜெர்சியைப் பாதி விலைக்குத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பையன் ஒருவன், "அண்ணா, இந்த டீமைப் பிடிச்சுக்கலாமா?" என்று கேட்டான். ஒரு தட்டுவடை செட் தின்று முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். 20 லீக் பட்டம், ஓல்ட் டிராஃபோர்டு ஸ்டேடியம், பழைய பெருமை எல்லாம் ஊருக்கே தெரியும், அதை விடுங்கள்.

எனக்குக் கடுப்பு ஒரே விஷயத்தில்தான். தோற்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த மாதிரி ஆட்டம் ஆடப் போகிறோம் என்று 2013க்கு அப்புறம் இந்த கிளப்பில் யாரும் உட்கார்ந்து முடிவு பண்ணியதாகவே தெரியவில்லை. அந்த வருடம், நீண்ட காலம் மேனேஜராக இருந்த ஃபெர்குசன் ஓய்வு பெற்றபோது நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டேவிட் கில்லும் சேர்ந்தே கிளம்பிவிட்டார். அந்த இடத்துக்கு வந்த எட் வுட்வர்ட் பேங்க்காரர். 2005ல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி கிளப்பை வாங்கி, அந்தக் கடனை கிளப்பின் தலையிலேயே ஏற்றியதே, அப்போது அவர்களுக்கு ஆலோசனை சொன்னவர். ஸ்பான்சர் பிடிப்பதில் கெட்டிக்காரர், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரை வாங்குவது, எதற்கு வாங்குவது என்று பார்க்க ஃபுட்பால் டைரக்டர் என்று ஒருவரை நியமித்ததே 2021ல்தான்.

அதற்கு முன்னும் பின்னும் மேஸ்திரி மாறிக்கொண்டே இருக்கிற வீடு கதைதான். மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷேர், டென் ஹாக், அமோரிம் என்று மேனேஜர்கள் வர வர, முன்னவர் எழுப்பிய சுவரை இடிப்பதே முதல் வேலை, ஆனால் அவர் வாங்கிப் போட்ட சாமானை வைத்துத்தான் கட்டியாக வேண்டும். டென் ஹாக் தன் பழைய டீமிலிருந்து விங்கர் ஆன்டனியை 8 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்துக் கூட்டி வந்தார்; அடுத்து வந்த அமோரிமின் 3-4-3 அமைப்பில் (பின்னால் மூன்று பேர், நடுவில் நாலு பேர், முன்னால் மூன்று பேர்) கோட்டோரம் ஓடுகிற விங்கருக்கு இடமே கிடையாது. போக்பாவை 2012ல் சும்மா விட்டு, 2016ல் 8.9 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கி, 2022ல் மறுபடியும் சும்மா விட்டார்கள். சின்னப் பையனாக இருந்தபோதிருந்து இங்கேயே வளர்ந்த மெக்டாமினேவை 2024ல் இத்தாலியின் நாப்போலி கிளப்புக்கு விற்றார்கள், அவன் அங்கே போய் முதல் சீசனிலேயே லீக் ஜெயித்து, அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரன் என்று பேரும் வாங்கினான். வயிற்றெரிச்சலாக இருக்காதா?

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில், ஐரோப்பிய கிளப்புகள் மோதுகிற யூரோப்பா லீக்கில், பிரான்ஸின் லியோனோடு காலிறுதி மேட்ச். மறுநாள் புனித வெள்ளி லீவு என்று ஏற்காடு பக்கம் நாகலூரில் நண்பன் வீட்டுத் திண்ணையில், குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, டவர் வருகிற ஒரே மூலையில் போனைச் செம்பின் மேல் சாய்த்துவைத்துப் பார்த்தோம். நள்ளிரவு 12.30க்கு ஆரம்பித்த ஆட்டம் மூன்று மணியைத் தாண்டியும் போகிறது, எக்ஸ்ட்ரா டைமில் 2-4 என்று பின்தங்கிவிட்டோம், அவன் போர்வைக்குள் தூங்கியே விட்டான். பெனால்டியில் புரூனோ ஒன்று, 120வது நிமிடம் மைனூ ஒன்று, அதற்கும் அடுத்த நிமிடம் மக்வையர் தலையால் முட்டியது ஒன்று, 5-4. நான் போட்ட சத்தத்தில் காபித் தோட்டத்து நாய்கள் எல்லாம் எழுந்துகொண்டன. இப்படி ஒரு ராத்திரியை வேறு எந்த டீம் தரும் சொல்லுங்கள்.

அதே டீம்தான் அடுத்த மாதம் பில்பாவோவில், இங்கிலாந்து லீக்கில் 17வது இடத்தில் முடித்த டாட்டன்ஹாமிடம் அந்த யூரோப்பா லீக் ஃபைனலைத் தோற்றது. நாங்கள் 15வது.

தம்பி, உனக்கு என் பதில், "வேண்டாம்" என்பதுதான். ஆனாலும் என் ரேட்டிங் 5க்கு 4. இந்த வாரம் மேட்ச் இல்லாததால் இந்த நாலு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கேட்டிருந்தால் ஒன்றுகூடத் தேறியிருக்காது.