ஜீரோ கவுண்ட் ரிப்போர்ட்டுடன் இணையத்தில் மருந்து தேடுகிறவர்களுக்கு

நான்கு மாதச் சம்பளம். மொத்தமாகப் போய்விட்டது. நேற்றுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது, கை இன்னும் நடுங்குகிறது. தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறை விந்துப் பரிசோதனை செய்தும் ஒரு விந்தணுகூட இல்லை. அசூஸ்பெர்மியா. நூறு ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறதாம். அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? வீட்டில்கூடச் சொல்லாமல், ஆண்களுக்கென்றே ஆலோசனையும் மருந்தும் விற்கும் ஒரு செயலியில் ரிப்போர்ட்டை அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் போன். "தம்பி, இதை நினைச்சு அழாதீங்க, 90 நாள்ல மாத்திக் காட்டுறேன்" என்றார் அந்த ஆலோசகர். நான் அழுததை அவரிடம் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்தது என்று உருகிப்போனேன். எல்லோரும் அழுதுகொண்டுதான் போன் எடுப்பார்கள் என்று இப்போது புரிகிறது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான்கு மாதச் சம்பளத்தைக் கட்டினேன்.

வந்தது மாத்திரைகளும், "இயற்கை ஹார்மோன்" என்று சொல்லித் தந்த ஒரு ஜெல்லும். 90 நாள் கழித்தும் ஜீரோ. கேட்டால், "ஒரு நாளாவது விட்டிருப்பீங்க." மறுபடி கேட்டால், "ஆலோசகர் மீட்டிங்கில் இருக்கிறார்." பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, திறந்த பெட்டிக்குத் தர மாட்டார்களாம். திறக்காமல் எப்படிச் சாப்பிடுவது? அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

நேற்று ஆண்களுக்கான மலட்டுத்தன்மை மருத்துவரிடம் போனேன். கையால் தொட்டுப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்: விரையிலிருந்து விந்தணுவைக் கொண்டுவரும் நாளம் இரண்டு பக்கமும் பிறவியிலேயே இல்லை. பழைய ரிப்போர்ட்டிலேயே துப்பு இருந்ததாம். விந்து 1 மில்லிகூட இல்லை, அமிலத்தன்மை, விந்தில் இருக்க வேண்டிய பிரக்டோஸ் என்ற சர்க்கரை இல்லை, ஆனால் ரத்தத்தில் எஃப்எஸ்ஹெச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் மூளை ஹார்மோன்) நார்மல். அதாவது உற்பத்தி நடக்கிறது, வெளியே வர வழிதான் இல்லை. அதே ரிப்போர்ட்டைத்தான் அவர்களுக்கும் அனுப்பியிருந்தேன்!

எரிச்சல் இதோடு முடியவில்லை. அந்த ஜெல் டெஸ்டோஸ்டிரோன், அதாவது ஆண் ஹார்மோன். வெளியிலிருந்து அதைக் கொடுத்தால் மூளை எஃப்எஸ்ஹெச், விரையைத் தூண்டும் இன்னொரு ஹார்மோனான எல்ஹெச் இரண்டையும் குறைத்துவிடும், விந்தணு உற்பத்தியே படுத்துவிடும். இப்போது என் எஃப்எஸ்ஹெச் தரைமட்டம். என்னிடம் சரியாக இருந்தது உற்பத்தி ஒன்றுதான், அதையும் காசு கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். ஜெல்லை நிறுத்திவிட்டுக் காத்திருக்கச் சொன்னார், மாதக்கணக்கில் ஆகலாமாம். அப்புறம் ஊசியால் விந்தணுவை எடுத்து இக்ஸி (ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேராகச் செலுத்தும் முறை) செய்யலாம். அதற்கு முன் எனக்கும் மனைவிக்கும் சிஎஃப்டிஆர் மரபணுச் சோதனை; நாளம் இல்லாததற்குப் பெரும்பாலும் காரணமான, பிள்ளைக்கும் போகக்கூடிய மரபணுப் பிழையைத் தேடுவது அது. இல்லாத நாளத்தை எந்த மாத்திரையும் முளைக்கவைக்காது.

எல்லாருக்கும் என் கதைதான் என்றில்லை. குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களுக்கு மறுபடி இணைக்க வழி உண்டு. மூளை ஹார்மோன் குறைவால் வந்தால் ஊசி போட்டு உற்பத்தியைத் தொடங்க முடியும். உற்பத்தியே பழுதானவர்களுக்கும் மைக்ரோ டீசே (மைக்ரோஸ்கோப் வைத்து விரைக்குள் விந்தணுவைத் தேடி எடுப்பது) அறுவையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறதாம். ஒய் குரோமோசோமில் சில பகுதிகள் முழுதாக விடுபட்டிருந்தால் அதுவும் கிடைக்காது.

விரிவாக எச்சரிக்கை எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. அடைப்பா, உற்பத்திக் குறையா என்று தெரியாமல் மருந்து வாங்காதீர்கள். தொட்டுப் பரிசோதிக்காதவருக்குப் பணம் கட்டாதீர்கள். ஜெல்லின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள், டெஸ்டோஸ்டிரோன் என்றிருந்தால் தொடாதீர்கள். நான்கு மாதச் சம்பளம், ஐயா. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.